கொட்டேஷனைக் கீழிருந்து படியுங்கள்

சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் கொட்டேஷன் ஒரே வரிசையில்தான் வரும். முதல் வரி பிராசசர். அடுத்து போர்டு, ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு. அதற்கும் கீழே எஸ்எம்பிஎஸ், கேபினட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ். யூபிஎஸ் பேப்பரில் ஏறாது. பில் போடும்போது வாயால் கேட்பார்கள். வாங்க வருபவரின் கண் மேல் வரிகளிலேயே நிற்கும். அடியில் மொத்தத் தொகையைப் பார்த்ததும் பேரம் கீழ் வரிகளில் ஆரம்பிக்கும். “எஸ்எம்பிஎஸ்ல ஏதாவது கம்மி பண்ணுங்கண்ணா.” “மானிட்டர் வேணாம், வீட்ல பழசு ஒண்ணு கெடக்கு.”

பென்டியம் 4 ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இந்தத் தெருவில் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தவன் நான். அன்று முதல் பழுதென்று என் மேசைக்குத் திரும்பி வந்த சிஸ்டங்களில் பிராசசர் செத்துப்போய் வந்தது அபூர்வத்திலும் அபூர்வம். வந்தவற்றில் பெரும்பங்கு அந்தக் கீழ் வரிகளின் கைங்கரியம். அதனால் முதல் கம்ப்யூட்டரைத் தானே பாகம் பாகமாகப் பொறுக்கிக் கட்ட நினைக்கும் யாரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: கொட்டேஷனைக் கீழிருந்து மேலே படியுங்கள்.

2023 தீபாவளி கழிந்து, கூட்டம் கொஞ்சம் அடங்கியிருந்த நேரத்தில் அரக்கோணத்திலிருந்து ஓர் அப்பாவும் பையனும் வந்தார்கள். அப்பா பள்ளி ஆசிரியர். பையன் விஸ்காம் படிக்கிறான். கேம் விளையாட வேண்டும், குறும்படம் எடிட் பண்ண வேண்டும், வீட்டில் படமும் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே பெட்டி. பட்ஜெட் 80,000 ரூபாய். “அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது சார்” என்று அப்பா உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். பையன் போனில் பட்டியல் வைத்திருந்தான். ஐ7-13700எஃப் பிராசசர், எச்610 போர்டு, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, நாலு பக்கமும் விளக்கு எரியும் கண்ணாடிக் கேபினட், அதோடு இலவசமாக வரும் ‘600 வாட்’ எஸ்எம்பிஎஸ். மானிட்டர் இல்லை. கூட்டிப் பார்த்தால் 80,000-க்குள் கச்சிதமாக அடங்கியது. பையன் நன்றாகத்தான் படித்துவிட்டு வந்திருந்தான், மேலிருந்து கீழாக.

“எந்த மானிட்டர்ல தம்பி பார்க்கப் போற?”

“வீட்ல 19 இன்ச் ஒண்ணு இருக்குண்ணா. அப்பா ஸ்கூல்ல ஏலத்துல எடுத்தது.”

“பின்னாடி என்ன போர்ட் இருக்கு? நீலக் கலர்ல, ரெண்டு பக்கமும் திருகு வச்சதா?”

அதேதான். விஜிஏ. 4060-இல் விஜிஏ போர்ட்டே கிடையாது. எச்டிஎம்ஐயும் டிஸ்பிளே போர்ட்டும் மட்டுந்தான். கன்வர்ட்டர் போட்டால் படம் வரும். ஆனால் எந்தப் படம்? அந்த மானிட்டர் 1366-க்கு 768. மொத்தம் பத்தரை லட்சம் புள்ளி. சாதாரண 1080பி மானிட்டரில் 20.7 லட்சம் புள்ளி. 1440பி என்றால் 36.9 லட்சம், 4கே என்றால் 82.9 லட்சம். கிராபிக்ஸ் கார்டு செய்யும் வேலை இந்தப் புள்ளிகளுக்கு ஒவ்வொரு ஃபிரேமிலும் நிறம் போடுவது. எத்தனை புள்ளி, வினாடிக்கு எத்தனை தடவை என்பதை முடிவு செய்வது மானிட்டர். அதை முடிவு செய்யாமல் கார்டு எடுப்பவர் எந்தக் கணக்கில் எடுக்கிறார்? இருபத்தெட்டாயிரம் ரூபாய் கார்டு போட்டுவிட்டுப் பத்தரை லட்சம் புள்ளியை 60 ஹெர்ட்சில் பார்ப்பது, ஆனை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை.

அதனால் முதலில் மானிட்டரை எடுத்து மேசை மேல் வைத்தேன். 24 இன்ச், 1080பி, ஐபிஎஸ் பேனல், 165 ஹெர்ட்ஸ். கேம் மட்டும் என்றால் விஏ பேனலிலும் பார்க்கலாம். கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும். ஆனால் மலிவான விஏ பேனலில் இருட்டுக் காட்சி வேகமாக நகரும்போது பின்னால் ஒரு கறை இழுபடும். எடிட்டிங்குக்கு வேண்டியது நேராகப் பார்த்தாலும் பக்கவாட்டில் பார்த்தாலும் மாறாத நிறம்; அதற்கு ஐபிஎஸ். வளைந்த மானிட்டர் கடையில் அழகாகத்தான் இருக்கும். 24 இன்ச்சில் வளைவினால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

மானிட்டர் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். புது சிஸ்டம் கொண்டுபோனவர்களிடமிருந்து மறுநாள் வரும் போன்களில் இரண்டு ரகம் உண்டு. “கேம் திக்கித் திக்கி ஓடுது” என்பது ஒன்று. போய்ப் பார்த்தால் எச்டிஎம்ஐ கேபிளை கிராபிக்ஸ் கார்டில் குத்தாமல், மேலே போர்டில் உள்ள போர்ட்டில் குத்தியிருப்பார்கள். கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும், பிராசசரில் உள்ள குட்டி கிராபிக்ஸ் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருக்கும். “165 ஹெர்ட்ஸ் வாங்கியும் ஒண்ணும் வித்தியாசம் தெரியல” என்பது இன்னொன்று. விண்டோஸ் பல நேரம் 60-லேயே நிற்கும். டிஸ்பிளே செட்டிங்கில் போய் 165-ஐ நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வருடக்கணக்கில் 60-இல் ஓட்டிவிட்டு, பழைய மானிட்டர் என்று விற்க வந்தவரையே பார்த்திருக்கிறேன்.

எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கிப் பாருங்கள், எடையே இருக்காது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் பெரிய எழுத்தில் 450 என்றோ 600 என்றோ போட்டிருக்கும். அந்தப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே கட்டம் போட்ட அட்டவணையைப் படியுங்கள். +3.3, +5, +12 என்று வோல்ட் வாரியாகக் கட்டம் இருக்கும். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் 12 வோல்ட் லைனில்தான். அந்தக் கட்டத்தில் 16 ஆம்ப் என்று போட்டிருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். மேலே எழுதிய 450 எங்கே, இந்த 192 எங்கே? ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றே 170 வாட் கேட்கும். மீதி 22 வாட்டில் பிராசசர் எப்படி மூச்சுவிடும்?

பழுதான அப்படியொரு டப்பாவை, அதில் தேங்கிய கரண்ட் இறங்கியபின் திறந்தால் உள்ளே பாதி பிசிபி காலி. மின்சாரம் நுழையும் இடத்தில் காயில் சுற்றி ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் கம்பியை வளைத்துப் பற்றவைத்திருப்பார்கள். துளை இருக்கும், பெயர் அச்சிட்டிருக்கும், பாகம் இருக்காது. கெப்பாசிட்டரில் 105 டிகிரி என்று இருக்க வேண்டிய இடத்தில் 85 டிகிரி. கெப்பாசிட்டரைப் பார்ப்பது எங்கள் தலைமுறையின் பழக்கதோஷம். 2000-களின் முற்பகுதியில் மோசமான எலக்ட்ரோலைட் ஊற்றிய கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பல போர்டுகளில் ஏறின. ஓரிரு வருடத்தில் தலை உப்பி, பழுப்பு நிறத்தில் கசிய ஆரம்பித்தன. பக்கத்து நரசிங்கபுரம் தெருவில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து அந்த வரிசையை மாற்றிக் கொடுத்தே பலர் குடும்பம் நடத்தினார்கள். உப்பிய தலையைக் கண்ணால் பார்த்தால் போதும், மீட்டர் தேவையில்லை.

மட்டமான எஸ்எம்பிஎஸ் உடனே வெடித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வெடித்தால்கூடத் தேவலை, காரணம் தெரிந்துவிடும். அது செய்வது வேறு. பிரவுசர் பார்த்தால் ஒன்றும் ஆகாது. படம் ஓடும். கேம் திறந்து பத்து நிமிடத்தில், திரையில் நெருப்பும் புகையும் வரும் கட்டத்தில், பொட்டென்று ரீஸ்டார்ட். வாடிக்கையாளர் விண்டோஸை ஃபார்மட் அடிப்பார். பிறகு ராமைக் கழற்றி ரப்பரால் துடைப்பார். பிறகு கார்டு மேல் சந்தேகம் வந்து சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போவார். அங்கே நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் போட்டுப் பார்த்து “கார்டு ஓகே” என்று திருப்பிக் கொடுப்பார்கள். இந்தச் சுற்றில் ஒரு மாதம் போகும்.

நல்லது எது என்பதற்கு 80 பிளஸ் முத்திரையைச் சொல்வார்கள். 2004-இல் தொடங்கிய சான்று அது. 20, 50, 100 சதவீதச் சுமையில் எவ்வளவு மின்சாரம் சூடாகி வீணாகாமல் வெளியே வருகிறது என்று பார்ப்பது. வெண்கலம், தங்கம் என்று படிகள் உண்டு. முத்திரை திறனைச் சொல்லும். ஷார்ட் ஆனால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளுமா, வயர் கனமானதா என்று சொல்லாது. எனக்கு அதைவிட நம்பிக்கையான அடையாளம் வாரண்டிக் காலம். ஐந்து வருடம் மாற்றித் தருகிறேன் என்று ஒருவன் எழுதிக் கொடுத்தால், உள்ளே ஏதோ வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அதே சமயம் 850 வாட் வேண்டும் என்று கேட்டு நிற்பவர்களையும் நான் தடுப்பேன். நான் எழுதப்போகும் கார்டுக்கு 170, பிராசசர் உச்சத்துக்குப் போனால் 117, மீதியெல்லாம் சேர்த்து 50. மொத்தம் 340 வாட்டுக்குள். தரமான 550 வாட் தாராளம். அரக்கோணத்துப் பையனுக்கு அதைத்தான் எழுதினேன், நாலாயிரம் ரூபாய் சொச்சம்.

“எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நாலாயிரமா?” என்றார் அப்பா. கழற்றி வைத்திருந்த செத்த டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். இன்னொரு கையில் புதியது. எடை பார்த்துவிட்டு அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கிராபிக்ஸ் கார்டில் பெயரை நம்பக் கூடாது என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440. 2002-இல் வந்தது. வைஸ் சிட்டி கேம் கம்ப்யூட்டருக்கு வந்த 2003-இல் இந்தத் தெருவில் அது அப்படி விற்றது. பெயரில் நாலு இருக்கிறதே என்று எல்லோரும் நாலாம் தலைமுறைக் கார்டு என்று வாங்கினார்கள். அதற்கு முந்தைய ஜிஃபோர்ஸ்3-இல் இருந்த பிக்சல் ஷேடர் இதில் கிடையாது. வைஸ் சிட்டிக்கு அது தேவைப்படவில்லை, ஓடியது. பிக்சல் ஷேடர் கட்டாயம் என்று கேட்கும் கேம்கள் வந்ததும் கார்டு கையை விரித்துவிட்டது. அந்த வித்தை இன்றும் நிற்கவில்லை. ஜிடிஎக்ஸ் 1060 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டு: 6 ஜிபியில் 1280 கோர், 3 ஜிபியில் 1152. ஆர்டிஎக்ஸ் 3060-இலும் அப்படித்தான்: 12 ஜிபி மெமரியில் 192 பிட் பாதை, பின்னால் வந்த 8 ஜிபியில் 128 பிட் பாதை. டப்பாவின் முகப்பில் இதெல்லாம் இருக்காது. பின்பக்கம் சின்ன எழுத்தில் மெமரி எவ்வளவு, எத்தனை பிட் என்று இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பையன் கேட்டது 4060. கேமில் அது 3060-ஐவிட வேகம், 115 வாட்தான் எடுக்கும், அப்போது புதுத் தலைமுறை. எல்லாம் உண்மை. ஆனால் மெமரி 8 ஜிபி. அவன் கேம் மட்டும் ஆடுகிறவனாக இருந்தால் நானும் அதையே எழுதியிருப்பேன். எடிட்டிங்கில் 4கே காட்சி மேல் கலர் கிரேடிங், நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று அடுக்க ஆரம்பித்தால் டாவின்சி ரிசால்வ் மாதிரி சாப்ட்வேர் முதலில் கேட்பது கார்டின் மெமரியை. பத்தாவிட்டால் மெதுவாகப் போகாது. மெமரி நிரம்பிவிட்டது என்று செய்தி போட்டு நின்றுவிடும். வேகம் குறைந்தால் காத்திருக்கலாம், நின்றுபோனால் என்ன செய்வது? 12 ஜிபி 3060-ஐ எழுதினேன். இதில் என்னோடு ஒத்துப்போகாத கடைக்காரர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். டீ குடிக்கும்போது இன்னும் சண்டை போடுகிறோம்.

பழைய கார்டு எடுக்கலாமா என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் கணக்கு முறை மாறி, கார்டு வைத்து அதைத் தோண்டும் மைனிங் வேலை முடிந்துபோனதும், ராப்பகலாக ஓடிய கார்டுகள் மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லதும் உண்டு. கார்டைத் திருப்பிப் பாருங்கள்: ஓரத்தில் எண்ணெய் கசிந்த பளபளப்பு இருந்தால் தெர்மல் பேட் வெந்திருக்கிறது. ஃபேனை விரலால் ஆட்டினால் தள்ளாடக் கூடாது. அங்கேயே மாட்டி அரைமணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இன்னொரு ரகம் மோசடி. பத்து வருடப் பழைய கார்டின் பயாஸை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்ட வைத்து விற்பார்கள். ஜிபியூ-இசட் என்ற இலவச சாப்ட்வேரை ஓட்டினால் இப்படிப்பட்டது போலி என்று அதுவே சொல்லிவிடும். முதல் சிஸ்டம் கட்டுபவருக்குப் பழைய கார்டு வேண்டாம் என்பது என் கட்சி. ஏதாவது கோளாறு வந்தால் எது புதுசின் குறை, எது பழசின் குறை என்று பிரிக்க அவருக்குத் தெரியாது.

இப்போது பிராசசர். ஐ7 வேண்டாம் என்றதும் பையன் முகம் சுருங்கிவிட்டது. “ஐ5-ன்னா ஃபிரெண்ட்ஸுங்க கிட்ட எப்படிண்ணா சொல்றது?” சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, கேம் ஆடிக் காட்டு என்றேன். 1080பியில், இந்தக் கார்டோடு, ஆறு கோர் பன்னிரண்டு திரெட் உள்ள ஐ5-12400 போதும். ஐ7-13700எஃப் உச்சத்தில் 219 வாட் வரை இழுக்கும். அதை அடிமட்ட எச்610 போர்டில் உட்காரவைத்தால் போர்டில் பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி சூடாகி, பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரும்பணம் கொடுத்து வாங்கிய வேகம் சூட்டில் போய்விடும்.

எஃப் என்ற எழுத்து உள்ளதையும் எடுக்காதே என்றேன். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. விலை ஓரிரண்டாயிரம் குறையும். கேம் மட்டும் ஆடுபவர் கண்ணை மூடிக்கொண்டு எஃப் எடுக்கலாம். எடிட்டிங் செய்பவருக்கு அந்தக் குட்டி கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்ற பகுதி இருக்கிறது. கேமராவிலிருந்து வரும் 10 பிட் 4:2:2 எச்.265 காட்சிகளை பிரீமியர் டைம்லைனில் திக்காமல் ஓட்டுவது அதுதான். 3060-ஆலோ 4060-ஆலோ அந்த வகைக் காட்சியை ஹார்டுவேரில் பிரிக்க முடியாது. இன்னொரு காரணம் எங்கள் தொழில் சார்ந்தது. கார்டு பழுதாகி வாரண்டியில் கம்பெனிக்கு (ஆர்எம்ஏ) போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம். எஃப் பிராசசர் வைத்திருப்பவர் அதுவரை கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மற்றவர் கேபிளை போர்டில் மாற்றிக் குத்திவிட்டு, படமாவது பார்க்கலாம், காலேஜ் வேலையாவது செய்யலாம்.

ராமில் ஒரே விதி: இரண்டு ஸ்டிக். 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு. போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும். மாட்டியபின் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 3200 என்று வாங்கிய ராம் 2133-லோ 2666-லோ பேசாமல் ஓடிக்கொண்டிருக்கும். எச்610-க்குப் பதில் பி660 போர்டு எழுதியதற்கு இதுவும் காரணம், அதில் பெரும்பாலும் நாலு ஸ்லாட் வரும். “பின்னால அப்கிரேட் பண்ணலாமா?” என்று கேட்காத ஆளில்லை. என் அனுபவத்தில் பிராசசரை மாற்ற வருகிறவர் நூற்றில் நாலைந்து பேர். மற்றவர்கள் திரும்பி வந்து கேட்பதெல்லாம் இன்னும் கொஞ்சம் ராம், இன்னொரு எஸ்எஸ்டி. அதற்கு இடம் விட்டுவைத்தால் போதும்.

எஸ்எஸ்டியை 512-இலிருந்து 1 டிபி ஆக்கினேன். பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டுகிறது. 100 மெகாபிட்டில் எடுத்த 4கே காட்சி மணிக்கு 45 ஜிபி. ஹார்டு டிஸ்க் பிறகு வாங்கி முடிந்த வேலைகளை அதில் போட்டுக்கொள்ளலாம்.

விலையைப் பற்றி யாரும் ஜோசியம் சொல்ல முடியாது. 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து அங்கிருந்த ஆலைகள் மூழ்கியபோது ஹார்டு டிஸ்க் விலை தலைக்கு மேல் போனது. மைனிங் காலத்தில் கார்டே கிடைக்கவில்லை. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டுபோக, ராம் விலை வாரத்துக்கொன்றாக ஏறியது. விலை இறங்கட்டும் என்று ஒரு பாகத்துக்காகக் காத்திருப்பவர், ஏற்கெனவே வாங்கி வைத்த பாகங்களின் வாரண்டியைத் தின்றுகொண்டிருக்கிறார் என்பதை மறந்துவிடுவார். முடிந்தால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்குங்கள். பிராசசர் கம்பெனி டப்பாவோடு வரும் பாக்ஸ் பீஸா, டப்பா இல்லாத டிரே பீஸா என்று கேளுங்கள். டிரே பீஸில் விலை குறையும், வாரண்டி கடைக்காரர் வாய்ச்சொல்லோடு நின்றுபோகும்.

கேபினட்டில் பையனோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. முன்பக்கம் முழுக் கண்ணாடி வைத்த கேபினட்டில் காற்று நுழைய ஓரத்தில் ஒரு கீற்றுதான் இருக்கும். அரக்கோணத்து மே மாத வெயிலில், ஏசி இல்லாத அறையில், அந்தப் பெட்டிக்குள் உட்காரும் கார்டை நினைத்துப் பாருங்கள். முன்பக்கம் வலை வைத்த கேபினட், முன்னால் இரண்டு ஃபேன் இழுக்க, பின்னால் ஒன்று தள்ள. பக்கவாட்டில் மட்டும் கண்ணாடி. விளக்கு ஃபேன் வேண்டுமென்றால் வைத்துக்கொள், அதனால் ஒரு ஃபிரேம்கூட ஏறாது என்று தெரிந்து வைத்துக்கொள். கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். வீடு பெருக்கும் தூசியையெல்லாம் அது முதலில் உறிஞ்சும். துடைக்கும் தண்ணீரும் அங்கேதான் போகும். கதவு போட்ட கம்ப்யூட்டர் டேபிள் அறைக்குள் அடைப்பது அதைவிட மோசம்.

எல்லாம் சேர்த்து கீபோர்டு, மவுஸோடு 80,000-ஐத் தொடாமல் நின்றது. யூபிஎஸ் அடுத்த மாதச் சம்பளத்தில் என்று முடிவானது. சின்ன 600 விஏ யூபிஎஸ் கொடுப்பது 360 வாட்தான். கேம் ஓடும்போது கரண்ட் போனால் தாங்காது. 1000 விஏக்கு மேல் பாருங்கள். கரண்ட் போன நொடியில் சில யூபிஎஸ் கொடுக்கும் மின்சாரம் சைன் அலையாக இல்லாமல் படிக்கட்டு மாதிரி இருக்கும். புதுவகை எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் அணைந்துவிடும். வாங்கும்போதே சுமையோடு பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட வேண்டும்.

அதைவிட முக்கியமானது சுவரில் உள்ள மூன்றாவது ஓட்டை. “கேபினட்டைத் தொட்டா சுர்ருங்குதுண்ணா” என்று வரும் போன்களுக்குக் கணக்கில்லை. நம் ஊரில் பல வீடுகளில் பிளக் பாயிண்டில் எர்த் ஓட்டை இருக்கும், பின்னால் வயர் இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு இரண்டு குட்டிக் கெப்பாசிட்டர் உண்டு. எர்த் இருந்தால் அந்தக் கசிவு தரைக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினட் தகடு சுமார் 115 வோல்ட்டில், அதாவது 230-இல் பாதியில், தொங்கிக்கொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் எச்டிஎம்ஐ கேபிளைக் குத்தும்போது அது மானிட்டர் வழியே இறங்கப் பார்க்கும். போர்ட்டுகள் காரணம் தெரியாமல் சாவது இப்படித்தான். சிஸ்டத்துக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். வந்த எலக்ட்ரீஷியன் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு எர்த் இல்லை என்றாராம். வீட்டுக்கே புதிதாக எர்த் போட்டார்கள்.

அசெம்பிள் பண்ணும்போது பையனையே மாட்டச் சொன்னேன். பிராசசர் லீவரை அழுத்தும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும். உடைந்துவிட்டதோ என்று முதல்முறை எல்லோரும் கையை எடுத்துவிடுவார்கள். அது அப்படித்தான். சாக்கெட்டில் உள்ள ஊசிகள் மேல் விரலோ திருகாணியோ படாமல் பார்த்துக்கொண்டால் போதும். இன்டெல் கூலரின் நாலு காலும் நாலு முறை டக்கென்று உட்கார வேண்டும். மூன்றில் விட்டால் சூடேறும். போர்டை கேபினட்டில் ஏற்றுமுன் அதன் அட்டை டப்பா மேலேயே வைத்து, கூலரோடு பிராசசர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ், மானிட்டர் கேபிள் மட்டும் மாட்டி, பவர் சுவிட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டுப் பாருங்கள். டிஸ்பிளே வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வராவிட்டால் தேட வேண்டிய இடம் மூன்று நாலுதான், முப்பது இல்லை.

வாங்கும்போது ஜிஎஸ்டி பில் கேளுங்கள், ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் அதில் ஏறியிருக்கிறதா என்று கடையை விட்டு இறங்குமுன் சரிபாருங்கள். டப்பாக்களை வாரண்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள். எஸ்எம்பிஎஸ் கழற்றி மாட்டும் வயர் கொண்ட மாடுலர் வகையென்றால், மிச்ச வயர்களைத் தனிப் பையில் போட்டு அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் பெயரை எழுதி வையுங்கள். இன்னொரு கம்பெனியின் வயர் அதே ஓட்டையில் அழகாகப் பொருந்தும். ஆனால் உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும். ஆன் செய்த நொடியில் எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் கருகிப்போகும். அதற்கு எந்தக் கம்பெனியும் வாரண்டி தருவதில்லை.